வானிலை அறிக்கை வேறு, வயலுக்கு யோசனை வேறு

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "மழையைப் பத்தி ஒரு இருபத்தஞ்சு நிமிஷம் பேசுப்பா" என்றார். "அவ்வளவு நேரம் பேசினா அதுக்குள்ள மழையே வந்துடுமேய்யா" என்றேன். "வந்தா நல்லதுதான, பேசு" என்று போனை வைத்துவிட்டார். ஆகவே பேசுகிறேன்.

நம் செட்டில் பௌதிகம் படித்தவர்கள் நாற்பது பேர். பாதிப்பேர் வாத்தியார் வேலைக்குப் போனார்கள், கால்வாசிப் பேர் பாங்குக்குப் போனார்கள். நான் மட்டும் வேளாண் வானிலை என்ற துறைக்குள் போய்ச் சேர்ந்து, வெயிலிலும் சேற்றிலும் முப்பது வருஷத்தைக் கழித்துவிட்டேன். "பௌதிகம் படிச்சவனுக்கு வயக்காட்டுல என்னடா வேலை?" என்று கல்யாண வீடுகளில் கேட்காத ஆள் இல்லை. அவர்களுக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருக்கிறேன்: எல்.ஏ. ராமதாஸ்.

பாலக்காட்டில் 1900-ல் பிறந்தவர். கல்கத்தாவில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர். இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, 1932-ல் புனாவில் வேளாண் வானிலைக்கென்று ஒரு பிரிவு தொடங்கியபோது அதன் பொறுப்பை ஏற்றார். வானத்தைப் பார்ப்பவர்கள் நிறைந்த அலுவலகத்தில், குனிந்து தரையைப் பார்த்தவர் அவர். காற்றில்லாத, மேகமில்லாத இரவில் தரைதான் எல்லாவற்றையும்விடக் குளிர்ந்திருக்கும் என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள். ராமதாஸ் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால், தரைக்கு ஒரு சாண், இரண்டு சாண் மேலேதான் குளிர் அதிகம். வெளிநாட்டு விஞ்ஞானிகள் பலர் இதை வெகுகாலம் நம்பவில்லை. அளப்பதில் ஏதோ தப்பு என்றார்கள். பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். இன்றைக்கும் அதற்கு அவர் பெயர்தான் வழங்குகிறது. நாற்றும் கடலையும் வளரும் உயரம் அதுதான் என்பதைக் கவனியுங்கள். டெல்லியில் உட்கார்ந்து பார்க்கிற வானிலை ஒன்று. பயிர் நிற்கிற ஒரு சாண் உயரத்து வானிலை இன்னொன்று. நான் சொல்ல வந்த விஷயமே கிட்டத்தட்ட இதுதான்.

தலைப்புக்கு வருகிறேன். "நாளை மழை பெய்ய 30 சதவீத வாய்ப்பு" என்பது வானிலை அறிக்கை. அதைக் கேட்டு விவசாயி என்ன செய்வார்? ஒன்றும் செய்யமாட்டார். ஏனென்றால் அவர் கேட்கிற கேள்வி மழை வருமா என்பது இல்லை. "மருந்து அடிக்கலாமா, வேண்டாமா?" "வத்தலை அள்ளட்டுமா, கிடக்கட்டுமா?" இதுதான் அவருடைய கேள்வி. இதற்குப் பதில் சொன்னால்தான் அது யோசனை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாங்கு நண்பர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், பிடித்துக்கொள்வீர்கள். தொகைகள் நான் உதாரணத்துக்குச் சொல்பவை. எங்கள் கரிசல் பக்கத்தில் மிளகாய் வற்றல் களத்தில் காய்கிறது, 40,000 ரூபாய் பெறும். நனைந்தால் நிறம் கறுத்து விலை பாதியாகும், நஷ்டம் 20,000. அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட ஆள்கூலியோடு 1,000. மழைக்கு 30 சதவீத வாய்ப்பு என்றால், மூடாமல் விடுவதில் சராசரி நஷ்டம் 6,000. ஆகவே மூட வேண்டும். 10 சதவீதம் என்றாலும் மூடத்தான் வேண்டும். அதே நாள், அதே ஊர், பக்கத்துக் காட்டில் பருத்தியில் பூச்சி விழுந்திருக்கிறது. ஏக்கருக்கு மருந்தும் கூலியும் 1,500. அடித்தபின் மழை வந்து கழுவிவிட்டால் சராசரி நஷ்டம் 450 ரூபாய். இரண்டு நாள் தள்ளிப்போட்டால் பூச்சி தின்பது அதைவிடக் கூடுதல். ஆகவே அடித்துவிட வேண்டும்.

பாருங்கள், ஒரே முன்னறிவிப்பு. மிளகாய்க்காரருக்கு "மழை வரும் என்று நினைத்து நட" என்கிறோம். பருத்திக்காரருக்கு "வராது என்று நினைத்து நட" என்கிறோம். இரண்டும் சரி. மழை வராமல் போனாலும் மிளகாய்க்காரரிடம் சொன்னது சரிதான். ஆனால் அவர் டீக்கடையில் உட்கார்ந்து, "ஆயிரம் ரூவா தண்டம்யா, ஒரு பொட்டுத் தூத்தல்கூட இல்ல" என்பார். அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த யோசனை எப்படித் தயாராகிறது என்று பலருக்குத் தெரியாது. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும். அடுத்த ஐந்து நாளுக்கு மழை, அதிகபட்ச வெப்பம், குறைந்தபட்ச வெப்பம், காலை ஈரப்பதம், மாலை ஈரப்பதம், காற்றின் வேகம், திசை, மேகமூட்டம் என்று எட்டு விவரம் வானிலைத் துறையிலிருந்து வரும். இது வெறும் எண்கள். வேளாண் பல்கலைக்கழகத்திலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் உள்ள கள அலகுகளில் இதை வைத்துக்கொண்டு உழவியல்காரர், பூச்சியியல்காரர், நோயியல்காரர், கால்நடைக்காரர் எல்லோரும் உட்கார்ந்து, இப்போது எந்தப் பயிர் எந்தப் பருவத்தில் நிற்கிறது என்று பார்த்து எழுதவேண்டும். இரவு வெப்பம் 20 டிகிரிப் பக்கம் இறங்கி, ஈரப்பதம் 90-ஐத் தாண்டி, மேகமும் பனியுமாக நான்கு நாள் இருக்கப்போகிறதா? நெல்லில் குலைநோய் வரும், வயலை இப்போதே பார் என்று எழுதுவார்கள். கனமழை வரப்போகிறதா? யூரியா போடாதே, தண்ணீரோடு போய்விடும் என்பார்கள். நாட்டில் இப்படி 130 கள அலகுகள் உண்டு. நம் மாநிலத்தில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் இதில் முன்னோடி.

எழுதும் மொழியிலும் ஒரு சிக்கல். "மிதமான மழை" என்று அறிக்கையில் வரும். வானிலைத் துறைக் கணக்கில் 24 மணி நேரத்தில் 15.6 மில்லிமீட்டர் முதல் 64.4 மில்லிமீட்டர் வரை எல்லாமே மிதமான மழைதான். பதினாறு பெய்தால் கரிசலில் மேல் மண் நனைவதோடு சரி. அறுபது பெய்தால் சின்ன வெங்காயம் அழுகும். இரண்டுக்கும் ஒரே பெயர்! கோவில்பட்டிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் எனக்குப் போன் போட்டு, "மிதமானதுன்னு போட்டுருக்கிய. அது உழவு மழையா, தூத்தலா? அதச் சொல்லுங்க மொதல்ல" என்று கேட்டார். நம் ஜனங்களிடம் தூறல், சாரல், உழவு மழை, அடைமழை என்று எத்தனை சொல் இருக்கிறது! ஒவ்வொன்றும் ஒரு வேலையோடு சேர்ந்த சொல். உழவு மழை என்றால் ஏர் பூட்டலாம் என்று அதிலேயே யோசனை இருக்கிறது. நாம்தான் இதையெல்லாம் விட்டுவிட்டு "லேசானது முதல் மிதமானது வரை" என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சரித்திரத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விவசாயிகளுக்கான வானிலை அறிக்கை வானொலியில் 1945-ல் ஆரம்பித்தது. நம் ஊரில் வானொலிக்கு எவ்வளவு செல்வாக்கு என்பதற்கு ஒரு சான்று: திருச்சி வானொலி பிரபலப்படுத்திய ஏ.டி.டி. 27 நெல்லுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்துவிட்டது. 1976-ல் மாநிலங்களோடு சேர்ந்து பயிர் யோசனை தருவது தொடங்கியது. 1988-ல் டெல்லியில் நடுத்தரக் கால முன்னறிவிப்புக்கென்று ஒரு தேசிய மையம் அமைத்து, அமெரிக்காவிலிருந்து க்ரே சூப்பர் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார்கள். 1991 முதல் மண்டல அளவில் யோசனை, 2008 முதல் மாவட்ட அளவில், பிறகு வட்டார அளவில். செல்போனில் குறுஞ்செய்தி வந்தது. 2019-ல் 'மேகதூத்' என்ற செயலி வந்தது. காளிதாசன் மேகத்தைத் தூது விட்டது காதலிக்கு. இவர்கள் விடுவது விவசாயிக்கு. இதில் எல்லாம் ஏறுமுகம்தான்.

ஏறாமல் நின்றது ஒன்று உண்டு. அது நம்பிக்கை. 2002-ம் வருஷம் ஞாபகம் இருக்கிறதா? தென்மேற்குப் பருவமழை 101 சதவீதம் பெய்யும் என்று அறிவித்தார்கள். ஜூலை மாதம் நாடு முழுக்கப் பாதி மழைகூடச் சரியாக இல்லை. பருவம் முடிந்தபோது 81 சதவீதம். பெரிய பஞ்சம். கணிக்கும் முறையையே மாற்ற வேண்டி வந்தது. 2004-லும் 100 சதவீதம் என்றார்கள், பெய்தது 87-க்குள்தான். நம் விவசாயிக்கு இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அகில இந்திய சராசரி சரியாகவே வந்தாலும் அவருக்கு அதனால் என்ன? தமிழ்நாட்டில் மழையில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்கில்தான் வருகிறது. ஜூன் மாதம் பத்திரிகையில் "இயல்பான மழை" என்று தலைப்புப் போட்டால், ராமநாதபுரத்துக்காரர் அதை வைத்து வடைதான் மடித்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை எப்படி வளர்கிறது என்பதை நான் விவசாயத்தில் கற்றதைவிட மீன்பிடித் தொழிலில்தான் அதிகம் கற்றேன். புதுச்சேரிப் பக்கம் வீராம்பட்டினம் என்ற மீனவர் ஊர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் அந்தப் பகுதியில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயரக் கணிப்பைக் கம்ப்யூட்டரில் இறக்கி, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் ஊருக்கே சொன்னார்கள். அடுத்த 24 மணி நேரத்துக்கு மட்டும். தினமும். மறுநாள் கடலுக்குப் போனவர் அது சரியா தப்பா என்று தன் கண்ணாலேயே பார்த்துவிடுவார். நூறு நாள் கேட்டவருக்கு அது எத்தனை நாள் சரியாக இருக்கும், எப்படித் தப்பும் என்பது பிடிபட்டுவிடுகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு எண்ணைச் சொன்னால் அந்தப் பழக்கம் எப்படி வரும்? அந்தத் திட்டத்தின் இன்னொரு ஊர் நல்லவாடு. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தியைக் கேட்டு வீட்டுக்குப் போன் செய்ய, ஜனங்கள் அறிவு மையத்தைத் திறந்து அதே ஒலிபெருக்கியில் கூவி ஊரைக் காலி செய்தார்கள். அலையைச் சொல்லப் பழகிய குழாய், பேரலையையும் சொன்னது. அதைக் கேட்டு ஓட வேண்டும் என்று ஜனங்களும் பழகியிருந்தார்கள். சாதனத்தைவிட அந்தப் பழக்கம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொரு விஷயம். யோசனை என்றாலே சாட்டிலைட்டும் கம்ப்யூட்டரும் என்று நினைக்க வேண்டாம். மானாவாரிக் கரிசலுக்குப் பருவத்துக்கு முன் விதைப்பு என்ற ஒரு முறையைச் சிபாரிசு செய்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். மழை வந்தபிறகு உழுது விதைக்கலாம் என்றால் கரிசலில் கால் வைக்க முடியாது. காய்வதற்குள் நாள் போய்விடும். ஆகவே செப்டம்பர் நடுவிலிருந்து மாதக் கடைசிக்குள், காய்ந்த மண்ணிலேயே சோளத்தையும் பருத்தியையும் விதைத்துவிடுகிறார்கள். அங்கேதான் சூட்சுமம்: விதையைக் கடினப்படுத்தி, 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போடவேண்டும். மேலாகப் போட்டால் பொய் மழைக்கு, ஒரு தூறலுக்கு, முளைத்துவிட்டுப் பிறகு காய்ந்து சாகும். ஐந்து சென்டிமீட்டரில் கிடக்கிற விதைக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் நன்றாக நனைக்கும் மழை பெய்தால்தான் ஈரம் எட்டும். அதாவது மழை நிஜமா பொய்யா என்பதை விதையே பார்த்துக்கொள்கிறது! ஐம்பது வருஷத்து மழைக் குறிப்பை உட்கார்ந்து பார்த்து, எந்த வாரம் என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். தினசரி முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு வானிலை யோசனை. என் சர்வீஸில் இதைவிட அழகான ஒன்றை நான் பார்க்கவில்லை.

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. முன்னறிவிப்பு சரியாக இருந்து, யோசனையும் சரியாக இருந்து, ஆனாலும் பயனில்லாமல் போவது உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தது. புயல் வருவது நாட்கள் முன்னதாகவே தெரியும். தென்னைக்கு இருக்கிற யோசனை என்ன? காய்களை இறக்கிவிடு, அடிமட்டை, கனமான மட்டைகளை வெட்டிப் பாரத்தைக் குறை. சரியான யோசனைதான். ஆனால் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் இருந்த தென்னைகளுக்கெல்லாம் இரண்டு நாளில் ஏறி வெட்ட ஆள் எங்கே? மரம் ஏறுகிறவர் ஊருக்கு நான்கு பேர். மரங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. "சொன்னீங்க சார், கேட்டோம். யார வச்சு வெட்றது?" என்று ஒரு விவசாயி என்னிடம் கேட்டார். அவர் கேட்டதற்குச் செயலியில் பதில் இல்லை.

டெல்டாவில் அறுவடைக் காலத்தில் இன்னொரு காட்சி. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் சம்பா நெல் முற்றி நிற்கும்போது காலம் தவறிய மழை கொட்டியது. "மழை வருகிறது, அறுத்துவிடு" என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி போனால் என்ன ஆகும்? எல்லோரும் ஒரே நேரத்தில் அறுவடை மெஷினைத் தேடுவார்கள். மெஷின் இருப்பது கொஞ்சம். வாடகை ஏறும். பெரிய மிராசுதார் வயலுக்கு முதலில் போகும். குத்தகைக்காரர் வயலுக்குக் கடைசியில். அறுத்தவரும் நெல்லைக் காயவைக்கக் களம் வேண்டும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்பது விதி. கெட்டுப்போன வருஷங்களில் அரசு தளர்வு கேட்டு வாங்க வேண்டும், அது வந்து சேர்வதற்குள் நெல் முளைத்துவிடும். ஆகவே செய்தி எல்லோருக்கும் சமமாகப் போகிறது, பயன் சமமாகப் போவதில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி என்ற நாடு. எழுபதுகளின் பெரும் வறட்சிக்குப் பிறகு, 1982-ல், உலக வானிலை அமைப்பின் உதவியோடு விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் திட்டத்தைத் தொடங்கினார்கள். வளரும் நாடுகளில் இதற்கு முன்மாதிரி என்று எங்கள் துறையில் எல்லோரும் காட்டுவது இதைத்தான். விவசாயி கையிலேயே சாதாரண மழைமானியைக் கொடுத்தார்கள். பத்து நாளைக்கு ஒரு தடவை வானிலைக்காரர், விவசாய இலாகா, வானொலிக்காரர் எல்லோரும் கூடிப் பேசுவார்கள். ஊர் மொழியில் வானொலியில் சொல்வார்கள். இந்தத் தேதியில் இவ்வளவு மழை உன் மானியில் விழுந்திருந்தால் இந்த ரகம் விதை என்று ஒரு அட்டவணையும் கொடுத்தார்கள். முடிவு அவனுடையது. அருமையான ஏற்பாடு. முப்பது வருஷம் கழித்துப் போய் ஆராய்ந்து பார்த்தால், இதைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் ஏரும் மாடும் சொந்தமாக வைத்திருந்த மூத்த ஆண்கள். பெண்களுக்கு அதனால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. "இன்றைக்கு விதை" என்றால், மாடு புருஷனுடைய வயலை முடித்துவிட்டு வரும் வரைக்கும் அவள் காத்திருக்க வேண்டுமே! நம் ஊரிலும் செய்தி வருகிற செல்போன் யார் பையில் இருக்கிறது, களை எடுப்பதும் ஆட்டைப் பார்ப்பதும் யார் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இந்த இடைவெளியை யார் நிரப்புவது? ஆள்தான் நிரப்ப வேண்டும். அந்த எண்ணத்தில்தான் 2018-க்குப் பிறகு வேளாண் அறிவியல் நிலையங்களில் மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் என்று 199 திறந்தார்கள். ஒரு நிபுணர், ஒரு பதிவாளர். இருவரும் ஒப்பந்த வேலைதான். வட்டாரத்துக்கு ஏற்ற யோசனையை எழுதுவார்கள், வாட்ஸ்அப் குழு நடத்துவார்கள், முக்கியமாக, விவசாயி போன் பண்ணினால் எடுப்பார்கள். 2024 மார்ச்சோடு அந்த 199-ஐயும் மூடிவிட்டார்கள். தானியங்கி நிலையங்கள் வந்துவிட்டன, விவரம் தானாக மையத்துக்குப் போகிறது, அங்கிருந்தே யோசனை தயாரிக்கலாம், ஆள் எதற்கு என்பது வாதம்.

இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. தானியங்கிக் கருவி மழையை அளக்கும். மிளகாய் களத்தில் கிடப்பது அதற்குத் தெரியாது. 2020-ல் தேசியப் பொருளாதார ஆராய்ச்சிக் கழகம் கொடுத்த அறிக்கையில், மானாவாரிப் பகுதி விவசாயக் குடும்பத்துக்கு இந்தச் சேவையால் வருஷத்துக்கு 12,500 ரூபாய் வரை கூடுதல் வருமானம் என்று கணக்குச் சொன்னார்கள். விவசாயியைக் கேட்டு எழுதுகிற கணக்கில் கொஞ்சம் முன்பின் இருக்கும், நான் அதில் பாதியைத்தான் எடுத்துக்கொள்வேன். அந்தப் பாதியை வைத்துப் பார்த்தாலும் இரண்டு ஆள் சம்பளம் ஒரு மாவட்டத்துக்குப் பாரமா?

புதிதாக வருகிறதைக் குறை சொல்கிற கிழவன் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். 2024 அக்டோபரில் பஞ்சாயத்து அளவிலேயே முன்னறிவிப்புத் தர ஆரம்பித்தார்கள். 2025 மே மாதம் முன்னறிவிப்புக் கட்டத்தின் அளவு 12 கிலோமீட்டரிலிருந்து 6 கிலோமீட்டராகக் குறைந்தது. அதே வருஷம் செயற்கை அறிவு மாதிரிகளை வைத்து, பருவமழை எப்போது தொடங்கும் என்பதை நான்கு வாரம் முன்னதாகவே 13 மாநிலங்களில் சுமார் 3 கோடியே 80 லட்சம் விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியில் அனுப்பினார்கள். மழை சீக்கிரம் வந்து நடுவில் மூன்று வாரம்போல் நின்றுவிட்டதே, அந்த இடைவெளியையும் அது முன்னதாகச் சொன்னது. இது சாதாரண விஷயம் இல்லை. எங்கள் காலத்தில் இதைக் கனவு கண்டோம். என் ஆதங்கம் எல்லாம், கடைசி ஆறு கிலோமீட்டருக்குள் ஒரு ஆள் வேண்டும் என்பதுதான். "ஒரு கொம்பு நனைஞ்சது, ஒரு கொம்பு காஞ்சது" என்று மாட்டைக் காட்டிச் சொல்கிற ஊர் நம்முடையது.

மணி அடிக்கப் போகிறார்கள் போலிருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேருக்கு ஊரில் இன்னும் நிலம் இருக்கிறது. நீங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறீர்கள், வேறு ஒருவர் உழுகிறார். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மழைமானி வாங்கிக் கொடுங்கள். வாங்கக்கூட வேண்டாம். வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்கிற ஒரு டப்பாவும் ஒரு ஸ்கேலும் போதும். அதில் ஒரு மில்லிமீட்டர் நின்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் பெய்திருக்கிறது. ஏக்கருக்கு நான்காயிரம் லிட்டர். 25 மில்லிமீட்டர் நின்றால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தக் கணக்கை நன்றாகப் போடுவார்கள். காலை 8.30-க்கு அளக்க வேண்டும்; வானிலைத் துறை அளக்கிற நேரமும் அதுதான், ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை யோசனையில் என்ன சொன்னார்கள், டப்பாவில் என்ன விழுந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் எழுதிப்போட்டால், இரண்டு பருவத்தில் அந்த ஊருக்கு எதை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும். விவசாயி வந்து பார்ப்பார், கேட்பார், சண்டைகூடப் போடுவார். போடட்டும்.

டப்பாவை மரத்தடியிலும் ஓட்டுத் தாழ்வாரத்துக்குப் பக்கத்திலும் மட்டும் வைத்துவிடாதீர்கள். வெட்டவெளியில், ஆடு தட்டாத இடமாகப் பார்த்து நடுங்கள். வைத்த ஊர்க்காரர்கள் அடுத்த கூடுகைக்கு வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள். நானும் என் ஊர் நோட்டைக் கொண்டுவருகிறேன்.